ஆயா சொன்ன கதை "தவறான கதை"யா?

செந்தூல் வாசகி
வெள்ளி, இரவு 9.40

சென்ற சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு கதை சொல்லும் போட்டி. மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன் கலந்துகொண்டான். "நாட்டுப்புறக் கதை" என்பதுதான் தலைப்பு. என் ஆயா (பாட்டி) எனக்குச் சொன்ன கதையை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர் என் ஆயா. கதையை முதலில் கேளுங்கள், பிறகு என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

ஒருவனுக்கு இரண்டு மனைவிகள். ஆளுக்கொரு மகள். இளையவள் ஒருநாள் மூத்தவளைக் குளத்தில் தள்ளிவிடுகிறாள். மூத்தவள் சாகவில்லை, விரால் மீனாகிவிடுகிறாள். அவளுடைய மகள் தினமும் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், "களவாயி, களவாயி, மேலே வா" என்று பாடுவாள். விரால் வந்து சோற்றை உண்ணும். அது என்ன களவாயி என்று ஆயாவைக் கேட்டேன். "களவுபோன ஆயி, அதனால் களவாயி" என்றார்.

இளையவள் இதை ஒளிந்திருந்து பார்த்துவிடுகிறாள். மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுகிறாள். மகள் மட்டும் உண்ணவில்லை. எல்லோரும் தின்று துப்பிய முள்ளையெல்லாம் பொறுக்கி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் புதைக்கிறாள். விடிந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பால்மரம் நிற்கிறது. இளையவள் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வெட்டுகிறாள், பட்டை உதிர்கிறதே தவிர ஒரு சொட்டுப் பால் இல்லை. அவள் மகள் வெட்டினாலும் அப்படியே. இந்தப் பெண் வந்து மரத்தின்மேல் கையை வைக்கிறாள். கத்தியே படவில்லை, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிரம்பி வழிகிறது.

அந்த வழியாக ராஜா வருகிறார். "பெண்ணே, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். அவள், "விடியற்காலையில் என்னை யாரும் எழுப்பக் கூடாது" என்கிறாள். ராஜா தண்டோரா போடச் சொல்கிறார். அன்று முதல் வெயில் முகத்தில் அடிக்கும்வரை அவள் தூங்கினாள். கதை முடிந்தது.

சிறுவயதில் இந்த முடிவு எனக்குப் பிடிக்காது. கல்யாணம் இல்லை, நகை இல்லை, இதெல்லாம் ஒரு கதையா என்று சிணுங்குவேன். பிறகு எனக்கு மகன் பிறந்து, நாற்பது நாள் குழந்தையோடு அதிகாலை நான்கு மணிக்குச் செந்தூல் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தண்டோரா நினைவுக்கு வந்தது. ஆயா தம் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை அந்த நேரத்தில் எழுந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கதையைக் காதலிக்க முடியும் என்றால் அன்றைக்குத்தான் அந்தக் காதல் எனக்கு வந்தது.

போட்டியில் நீதிபதி ஒருவர் எழுதிக் கொடுத்தவை இரண்டே வரி: "நாட்டுப்புறக் கதையில் ரப்பர் மரம் வராது. முடிவு பொருத்தமாக இல்லை." திரும்பி வரும் வழியில் மகன் கேட்டான்: "கொள்ளுப்பாட்டி தப்பாகச் சொல்லிவிட்டாரா அம்மா?"

இந்தக் கதையை வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா?


காண்டாவாளி
வெள்ளி, இரவு 10.02

நான் கேட்டதில்லை சகோதரி. ஆனால் முடிவைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

பதினாறு வயதிலிருந்து பால் வெட்டியவன் நான். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறைந்துவிடும். குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), நெற்றியில் விளக்கு, கொசு, இத்தனையும். எங்கள் வீட்டில் யாருக்காவது வரம் கிடைத்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்போம். முடிவு பொருத்தமாக இல்லை என்று சொன்ன நீதிபதி காலையில் ஏழு மணிக்கு எழுகிறவராக இருக்கும்.


சந்தேகப்பிராணி
வெள்ளி, இரவு 10.31

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒருவர் உண்மையையும் பேச வேண்டுமே. ரப்பர் மரம் பிரேசில் நாட்டு மரம். அதன் விதைகள் 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைவிட்டு, 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் சில குவாலா கங்சாருக்குப் போயின. தோட்டம் தோட்டமாகப் பரவியது அதற்கும் பின்னால். ராஜா குதிரையில் வருகிற காலத்துக் கதையில் பால்மரமும் மங்கும் எப்படி வரும்? நீதிபதி கேட்டதில் என்ன தவறு? குழந்தை மனம் புண்பட்டது வருத்தம்தான். அதற்காக விதி விதியில்லாமல் போய்விடுமா?


பட்டர்வொர்த் வாத்தியார்
வெள்ளி, இரவு 11.15

தம்பி சந்தேகப்பிராணி, உங்கள் ஆண்டுக் கணக்கு சரி. அதே கணக்கை வைத்தே பேசுவோம்.

சிண்ட்ரெல்லா கதையில் எது வண்டியாகிறது? பரங்கிக்காய். அந்தக் காய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தது. நம்மிடம் வந்தபோது பெயரிலேயே சொல்லிவிட்டோம், பரங்கியர் கொண்டுவந்த காய் என்று. 1697-இல் பிரெஞ்சுக்காரர் பெரோ அந்தக் கதையை எழுதியபோது ஓர் அந்நியக் காயை எடுத்து தேவதைக் கதைக்குள் வைத்தார். கண்ணாடிச் செருப்பும் அவருடைய பதிப்பில் வருவதுதான். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் பரங்கிக்காயும் இல்லை, மந்திரக் கிழவியும் இல்லை.

பிறகு என்ன இருக்கிறது? அங்கேதான் நான் செந்தூல் வாசகியின் ஆயாவுக்குக் கைகூப்புகிறேன். செத்துப்போன தாயின் சமாதியில் அந்தப் பெண் ஒரு கிளையை நட்டுக் கண்ணீரால் நனைக்கிறாள். அது மரமாகிறது. மரத்தில் வந்து உட்காரும் பறவை அவளுக்கு ஆடை போடுகிறது. தாய் மரமாக நின்று பிள்ளைக்குக் கொடுக்கும் கதை ஜெர்மனியிலும் உண்டு, நிபோங் திபாலிலும் உண்டு. மரத்தின் பெயர்தான் வேறு.


புலாவ்தீக்குஸ் மருமகள்
சனி, காலை 7.20

வாசகி அக்கா, நேற்றே படித்தேன். ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருந்ததால் தூக்கமே வரவில்லை. களவாயி.

அது களவாயி இல்லை அக்கா. கலோய்! மலாய்க்காரர்களின் பாவாங் பூத்தே (பூண்டு) பாவாங் மேரா (வெங்காயம்) கதையில் தாய் கலோய் மீனாகத்தானே மாறுகிறாள்? மகள் குளக்கரையில் உட்கார்ந்து "கலோய், கலோய்" என்று பாடித்தானே மீனை அழைக்கிறாள்? மாற்றாந்தாய் மீனைக் கொல்கிறாள், மகள் எலும்பைப் புதைக்கிறாள், மரம் முளைக்கிறது. அந்த மரத்தில் ஓர் ஊஞ்சல். அவள் பாடினால் மட்டும் அது ஆடும். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ராஜகுமாரன் வருகிறான்.

நீங்களும் நானும் பள்ளியில் மலாய்ப் பாடத்தில் படித்த கதைதான் இது!


செந்தூல் வாசகி
சனி, காலை 8.05

பஸ்ஸில் இருக்கிறேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஆமாம், படித்திருக்கிறேன். தேர்வில் அதற்குக் கேள்விபதில்கூட எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஆயாவின் மடியில் களவாயி கேட்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது, இன்னொன்று லயத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

"களவுபோன ஆயி" என்று எத்தனை நம்பிக்கையாகச் சொன்னார் அந்தக் கிழவி!


சந்தேகப்பிராணி
சனி, காலை 9.12

ஆகக் கதை நம்முடையதே இல்லை. நன்றாகப் போய்விட்டது. தமிழ் நாட்டுப்புறக் கதைப் போட்டியில் மலாய்க் கதையைப் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறோம்.

வழியும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அறுபதுகளின் நடுவில் இந்தக் கதை மலாய்ப் படமாக வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். ஆயா அங்கே பார்த்திருப்பார். மொழி பாதி புரிந்திருக்கும், மீதியைத் தாமே நிரப்பியிருப்பார். அரைகுறையாகக் கேட்டதற்கு மறுகதை என்று பெயர் வைத்துக் கொண்டாட வேண்டுமா?


வெங்காயத்தோல்
சனி, காலை 9.40

படம் 1959. கேத்தே-கெரிஸ் நிறுவனம், இயக்கம் எஸ். ரூமாய் நோர். என் தந்தைக்கு அந்தக் காலத்து மலாய்ப் படங்கள் என்றால் உயிர், அதனால் இதில் மட்டும் என்னிடம் வாதாட வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மேடான் பெண்ணிடம் இந்தக் கதையை எடுத்தேன். "நல்லவள் பூத்தே, கெட்டவள் மேரா" என்றாள். நம் பக்கம் மேராதான் நல்லவள். அரை மணி நேரம் உணவு மேசையில் வெங்காயம் நல்லவளா பூண்டு நல்லவளா என்று சண்டை. அவள் சொன்ன இந்தோனேசியக் கதையில் மீன் இல்லை. ஆற்றில் துணி அடித்துக்கொண்டு போகிறது, ஒரு கிழவி வருகிறாள், சுரைக்காய்க்குள் நகை இருக்கிறது. மலாக்கா நீரிணையைத் தாண்டும்போதே கதாநாயகியும் வில்லியும் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். இதில் எதற்கு ஐயா மதிப்பெண் குறைப்பது?


சந்தேகப்பிராணி
சனி, காலை 9.44

1959 என்று திருத்திக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை.


பட்டர்வொர்த் வாத்தியார்
சனி, மதியம் 1.30

சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நம்முடையது இல்லை" என்கிறீர்கள். மலாய்க்காரர்களுடையது என்று யார் பட்டா போட்டுக் கொடுத்தது? சீனாவில் தாங் அரசர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், துவான் செங்ஷி என்பவர் ஒரு கதையை எழுதி வைத்தார். யே ஷியன் என்ற பெண். தாய் இல்லை, மாற்றாந்தாய் கொடுமை. அவள் ஒரு மீன் வளர்க்கிறாள். மாற்றாந்தாய் மீனைக் கொன்று தின்றுவிட்டு எலும்பைக் குப்பைமேட்டில் மறைக்கிறாள். அந்த எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு பெண் வேண்டியதையெல்லாம் கேட்டுப் பெறுகிறாள். திருவிழாவில் தங்கச் செருப்பு ஒன்று கழன்று விழுகிறது, அது ஒரு ராஜாவின் கைக்குப் போகிறது. பெரோவுக்கு எண்ணூறு ஆண்டு முந்தைய எழுத்து இது. பினாங்கில் என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் ஒருமுறை சொன்னேன், "மீனைத் தின்றதுதான் அவள் செய்த தப்பு, எலும்பைச் சூப் வைத்திருக்க வேண்டும்" என்றார். அதுவும் ஒரு மறுகதைதான்.

1893-இல் மரியன் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் கதையின் வடிவங்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். 345 கிடைத்தன. நம் செந்தூல் ஆயாவை அவர் சந்தித்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.

அடுத்து, கேட்டதை மாற்றிச் சொல்வது அரைகுறை என்றீர்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பருக்கு அதை எழுதக் கை வரவில்லை. அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிப் போகவைத்தார். "மூலத்தில் இப்படி இல்லை" என்று கம்பருக்கு யாராவது மதிப்பெண் குறைத்தார்களா? கம்பர் தம் ஊர்க்காரர்களுக்குத் தாங்க முடியாததை மாற்றினார். ஆயா தம் லயத்தாருக்கு வேண்டியதைச் சேர்த்தார்.


சந்தேகப்பிராணி
சனி, மதியம் 2.10

கம்பரோடு லயத்து ஆயாவை ஒப்பிட்டால் நான் எதைச் சொன்னாலும் கல்நெஞ்சன் ஆகிவிடுவேன். தந்திரமான வாதம் வாத்தியாரே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மறுகதையில் மனம் பறிகொடுப்பது எனக்கும் தெரிந்ததுதான். புதுமைப்பித்தனின் சாபவிமோசனம் படித்தபோது எனக்கு இருபது வயது. சாபம் நீங்கிய அகலிகையிடம், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி வருகிறது. அதைக் கேட்டு அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அதற்குப் பிறகு மூலக் கதையின் அகலிகையை என்னால் நிம்மதியாகப் படிக்க முடிந்ததே இல்லை. ஆனால் புதுமைப்பித்தனுக்கு மூலம் தெரியும். தெரிந்தே உடைத்தார். ஆயாவுக்குத் தெரியுமா? தெரியாமல் மாறிப்போவதற்கும் தெரிந்து மாற்றுவதற்கும் வித்தியாசம் இல்லையா?


புலாவ்தீக்குஸ் மருமகள்
சனி, மதியம் 2.25

இது நல்ல கேள்வி. வாசகி அக்கா, உங்கள் அம்மாவுக்கு ஏதாவது தெரியுமா?


ரப்பர்விதை
சனி, மாலை 4.50

இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி, மன்னிக்கவும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்ட ரப்பர் விதை எங்கே கிடைக்கும்? சிறுவயதில் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழியின் கையில் வைத்து அலறவைத்த சுகம் என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.


செந்தூல் வாசகி
சனி, இரவு 10.15

அம்மாவிடம் பேசிவிட்டேன். ஒரு மணி நேரம். இருவரும் கொஞ்சம் அழுதோம், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் படம். "உன் ஆயாவா படம் பார்த்தார்? திடலில் பாயை விரித்தால் பெயர் ஓடி முடிவதற்குள் குறட்டை வந்துவிடும். மூன்று மணிக்கே எழுந்து உலை வைக்கிற பொம்பிளை" என்றார் அம்மா. ஆகப் படம் இல்லை. லாலான் புல் வெட்டும் வேலைக்குப் பக்கத்துக் கம்பத்திலிருந்து (மலாய்க் கிராமம்) ஒரு மலாய்க்கார அம்மா வருவாராம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் மதியச் சோறு. ஆயா இலையிலிருந்து ஊறுகாய் அங்கே போகும், அங்கிருந்து சம்பால் இங்கே வரும். கதையும் அப்படித்தான் வந்திருக்கும் என்று அம்மா நினைக்கிறார்.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பால்மரம் என்று சொன்னதும் அம்மா, "பால்மரமா? ஊஞ்சல் எங்கே?" என்றார்.

அம்மாவுக்கு ஆயா சொன்ன கதையில் முள்ளைப் புதைத்த இடத்தில் பெரிய மரம், அதில் ஊஞ்சல், பெண் பாடினால் ஊஞ்சல் ஆடும், ராஜா வந்து கல்யாணம் செய்துகொள்வார். அதாவது மலாய்க் கதை போலவே. அம்மா அதைக் கேட்டது அறுபதுகளில். நான் கேட்டது எண்பதுகளில். இடையில் ஆயாவே கதையை மாற்றியிருக்கிறார். மூலம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, சந்தேகப்பிராணி சார்.

"எதற்காக மாற்றினார்?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பிறந்த பிறகுதான் நம் தோட்டத்தில் பால்மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள்" என்றார். காரணம் இதுதான் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.


காண்டாவாளி
சனி, இரவு 11.30

மரம் சாய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். நாம் வெட்டிய நிரையை நாமே அடையாளம் சொல்ல முடியும், எந்த மரம் அதிகம் கொடுக்கும், எது கஞ்சம் என்றெல்லாம். இருபது வருடம் தினமும் தொட்ட மரம். இயந்திரம் வந்து ஒரு காலைப் பொழுதில் ஒரு நிரையைப் படுக்கவைத்துவிடும். அப்போதும் வெட்டுப் பட்டையிலிருந்து பால் வழிந்துகொண்டிருக்கும். அன்றைக்குச் சில பெண்கள் வேலைக்கு வரவில்லை. கிராணி (தோட்ட எழுத்தர்) அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலோயை ஆயா விராலாக மாற்றியது பெயர் தெரியாமல் அல்ல என்பது என் எண்ணம். தோட்டத்து வாய்க்காலில் விரால் நிறைய உண்டு. குஞ்சு பொரித்துவிட்டால் தாய் விரால் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைவிட்டு நகராது. மேலே சிவப்பாகக் குஞ்சுகள் மிதக்கும், கீழே தாய் நிற்கும், கையை விட்டால் பாய்ந்து கடிக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆற விரால் குழம்புதான் கொடுப்போம். பிள்ளையை விட்டுப் போகாத தாய்க்கு மீன் உருவம் கொடுக்க வேண்டுமென்றால் தோட்டத்துப் பெண் வேறு எந்த மீனைத் தேடுவாள்?


சந்தேகப்பிராணி
ஞாயிறு, காலை 6.50

இரவு படித்துவிட்டுப் பதில் போடாமல் படுத்தேன். காலையில் படித்தாலும் அப்படியேதான் இருக்கிறது.

தெரிந்து மாற்றினார் என்பதை ஏற்கிறேன். அந்தத் தண்டோராவை எழுதக்கூடியவர்கள் அச்சில் பெயர் வந்தவர்களிலும் குறைவு. ஆனால் என் பிடிவாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. போட்டியில் "இது தமிழ் நாட்டுப்புறக் கதை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. "பாவாங் மேரா கதையை ஒரு மலாய்த் தோழியிடம் கேட்டு, பால் வெட்டிய என் கொள்ளுப்பாட்டி மாற்றிச் சொன்னது" என்று பையன் தொடங்கட்டும். அந்த மலாய்க்கார அம்மாவுக்கும் அதில் பங்கு இருக்கிறதே. அப்படிச் சொல்லியும் மதிப்பெண் குறைத்தால் சொல்லுங்கள், நானே வந்து நீதிபதியிடம் சண்டை போடுகிறேன்.


பட்டர்வொர்த் வாத்தியார்
ஞாயிறு, காலை 8.15

இதைத்தான் எதிர்பார்த்தேன் தம்பி. வாசகியம்மா, அம்மாவின் கதையையும் உங்கள் கதையையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடுங்கள், அம்மாவின் குரலிலேயே. ஒன்றை மற்றொன்றோடு கலக்க வேண்டாம்.


செந்தூல் வாசகி
ஞாயிறு, இரவு 8.40

அம்மாவை அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம். பதிவு செய்துவிடுகிறேன் ஐயா. ஊஞ்சல் பாட்டு அவருக்குப் பாதி நினைவிருக்கிறதாம்.

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொள்ளுப்பாட்டி தப்பாகச் சொல்லவில்லை, மாற்றிச் சொன்னார் என்று. உடனே, "அப்படியென்றால் நானும் மாற்றலாமா?" என்று கேட்டான். மாற்றலாம் என்றேன். அவன் பார்த்து வளர்ந்ததெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துச் செம்பனைதான். அந்தத் தாய் செம்பனையாக முளைக்கட்டும், பாட்டி கேட்ட ஊஞ்சலையும் அதில் கட்டிவிடலாம் என்கிறான்.

காண்டாவாளி அண்ணன், செம்பனையில் ஊஞ்சல் கட்ட முடியுமா?


காண்டாவாளி
ஞாயிறு, இரவு 9.05

முடியாது அம்மா. மட்டை முழுக்க முள். கயிறு கட்டக் கிளையும் கிடையாது.

ஆனால் இளையவள் ஏற முயன்றால் நன்றாகக் குத்தும் என்று பையனிடம் சொல்லுங்கள்.